நீதிபதி குடித்த உப்புத் தண்ணீர்

நான் நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னவன். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, பொய் என்று தெரிந்துகொண்டே, நாக்குத் தடுமாறாமல் சொன்னேன். யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம், மன்னார் நகரத்தில், ஒரு புதன்கிழமை முற்பகல் அது நடந்தது. அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். இதை வாசித்து யாரும் எனக்காக இரங்க வேண்டாம். அந்த வழக்கை விசாரித்த நீதிபதியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அவரைப் பற்றி எழுதுவதென்றால் என் பொய்யிலிருந்துதான் தொடங்க முடிகிறது.

எங்கள் ஊர் பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில், வடக்குக் கரையோரம். என் தங்கையின் காணிக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குடும்பம் இருந்தது. தகப்பன், தாய், ஒரு பெண் குழந்தை. தொண்ணூறில் சனம் வள்ளங்களில் ஏறி இராமேஸ்வரத்துக்கு ஓடியபோது அவர்களும் போனார்கள். நாங்கள் போகவில்லை. தகப்பன் தமிழ்நாட்டு முகாமிலேயே செத்துப்போனார். யுத்தம் முடிந்தபின் தாயும், வளர்ந்து பெரியவளாகிவிட்ட மகளும் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தபோது அவர்களுடைய காணி என் தங்கை மகனின் வேலிக்குள் கிடந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. கிணற்றடியில் அந்த மருமகன் கருவாடு போட வாடிக் கொட்டில் கட்டி, மீன் கழுவுவதற்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பூட்டியிருந்தான்.

அந்தத் தாயிடம் காணி உறுதிப் பத்திரம் இல்லை. கடலில் நனைந்து கூழாகிவிட்டது என்றாள். பதிவேடுகளிலும் அந்தக் காலத்துப் பக்கங்கள் யுத்தத்தில் அழிந்து போயிருந்தன. அவள் வழக்குப் போட்டாள்.

பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட காணி என்று வாதாடினால் போதும் என்றுதான் மருமகன் முதலில் நினைத்தான். அவனுடைய சட்டத்தரணி அது போதாது என்று தலையை ஆட்டிவிட்டார். உயிருக்குப் பயந்து ஓடிய சனத்தின் காணியில் அந்த வாதம் எடுபடுமோ தெரியாது. தொண்ணூறுக்கு முன்பிருந்தே காணி உங்களுடையதுதான் என்று காட்ட வேண்டும். அதற்கு ஊரில் மதிப்புள்ள ஒரு வயதான சாட்சி வேண்டும் என்றார். ஊரில் மதிப்புள்ள வயதான ஆள் நான்தான்.

தங்கை என் வீட்டுக்கு வந்து அழுதாள். அவளுடைய மூத்த பிள்ளைகள் இரண்டு பேரை யுத்தம் கொண்டுபோய்விட்டது. "அண்ணா, மிஞ்சினவன் இவன் ஒருத்தன். இவன்ரை வயித்திலையும் அடிக்கச் சொல்லுறியளோ?" என்றாள். அவளுக்காகத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி என் மனதில் இருந்த எரிச்சல். நாங்கள் இங்கேயே கிடந்து ஷெல்லுக்கும் சுற்றிவளைப்புக்கும் முகம் கொடுத்தவர்கள். போனவர்கள் திரும்பி வந்ததும் அவர்களுக்குத் தகரமும் சட்டிபானையும் வீட்டுத்திட்டமும் வந்தன. இருந்தவர்களை யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அப்படித்தான் அப்போது எனக்குப் பட்டது.

வழக்குத் தவணைக்கு முதல் வாரம் அந்தத் தாய் என்னிடம் வந்தாள். கதிரையைக் காட்டினேன். அவள் அதில் இருக்கவில்லை.

"சேர், உங்களுக்குத் தெரியும்தானே, அது எங்கடை கிணறு எண்டு."

"பாப்பம்" என்றேன்.

"பாக்க என்ன கிடக்கு? ஆவணி வெக்கைக்கு உங்கடை வீட்டுத் தேத்தண்ணி கொதிச்சது அந்தக் கிணத்துத் தண்ணியிலைதானே."

அது உண்மை. எங்கள் மன்னார்த் தீவில் மணலைத் தோண்டினால் எங்கும் தண்ணீர் வரும், ஆனால் எங்கும் குடிக்க முடியாது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. அளவாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். ஒரு முழம் ஆசைப்பட்டால் உப்பு ஏறிவிடும். அவளுடைய புருஷன் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து தோண்டிய கிணறு அது. கடும் வெயில் காலத்தில் என் மனைவியும் அங்கேதான் குடம் கொண்டு போவாள்.

"காணிக் கடதாசி இருந்தால்தான் வீட்டுத்திட்டத்திலை பேர் போடுவினம், சேர். அடுத்த வருஷத்தோடை லிஸ்ற் முடியுதாம். பெட்டைக்கு ஒரு கலியாணம் பேசுறதெண்டாலும் காணி வேணும்" என்றாள். போகும்போது வேலிப் படலையடியில் நின்று, "உங்கடை மருமோனை மடுக் கோயிலுக்கு வரச் சொல்லுங்கோ. மாதாவுக்கு முன்னாலை அது தங்கடை காணி எண்டு சொல்லட்டும். நான் வழக்கை விட்டிட்டுப் போறன்" என்றாள்.

மருமகன் மடுவுக்குப் போகவில்லை. நான் நீதிமன்றத்துக்குப் போனேன்.

அந்த நீதிபதி வேறு மாவட்டத்துக்காரர். மெலிந்த உருவம், கொஞ்சம் கூன். வந்து ஒரு வருடத்துக்குள் அவரைப் பற்றிச் சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. தூரத்திலிருந்து வருகிறவர்களின் வழக்கை முதலில் கூப்பிடுவார், மத்தியான பஸ் தவறக்கூடாது என்று. தொழில் மும்முரமான நாட்களில் கடற்காரருக்குத் தவணை போடமாட்டார். கூண்டில் வயதானவர்கள் நின்றால் கதிரை கொண்டுவரச் சொல்வார். தீர்ப்பைப் பாமரனுக்கும் விளங்குகிற தமிழில் எழுதி, தானே மெதுவாக வாசிப்பார். ஒருநாள் மன்னார்க் கழுதை ஒன்று விறாந்தையில் ஏறி வாசலுக்குள் தலையை நீட்டியதாம். வழக்குக்குப் பெயர் கூப்பிடும் கட்டியக்காரன் அடிக்கக் கையை ஓங்க, "விடுங்கோ, அவருக்கும் ஏதோ முறைப்பாடு இருக்குது போலை" என்றாராம். தோற்றவர்கள்கூட அவரைத் திட்டிக்கொண்டு படியிறங்கியதை நான் கேட்டதில்லை.

எனக்கும் கதிரை கொண்டுவரச் சொன்னார். நான் வேண்டாம் என்று நின்றுகொண்டே சொன்னேன். அந்தக் கிணற்றை என் தங்கையின் புருஷன் தோண்டினார். தோண்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி கேட்டுத் தண்ணீர் அள்ளிப் போவார்கள். இவ்வளவுதான் என் சாட்சி. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எவ்வளவோ குறுக்குக் கேள்வி கேட்டார். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவனைக் குழப்புவது இலகுவல்ல. நீதிமன்றத்தில் எழுதுவினைஞர்களாகவும் பொலிசாகவும் என் பழைய மாணவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். நான் வெளியே வந்தபோது மரியாதையாக வழிவிட்டார்கள்.

நீதிபதி அதோடு விடவில்லை. இடத்தை நேரே பார்க்க வேண்டும் என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் வந்தார். கூடப் பதிவாளர், இரு தரப்புச் சட்டத்தரணிகள், ஒரு பொலிஸ்காரர். மருமகன் ஓடிப்போய்க் குளிர்ந்த சோடாப் போத்தல் கொண்டுவந்தான். "சோடா வேண்டாம், தம்பி. இந்தக் கிணத்துத் தண்ணி ஒரு கிளாஸ் தாங்கோ" என்றார் அவர். மருமகன் என்னைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அள்ளிக் கொடுத்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, வாடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று மருமகன் வெளியூர்க் கூலியாட்களைப் பிடித்துக் கிணற்றின் அடியை உடைத்து ஆழமாக்கியிருந்தான். அதிலிருந்து தண்ணீர் உப்பு. ஆனால் நீதிமன்றத்தில், கிணறு அப்பா தோண்டியபடியே இருக்கிறது, நாங்கள் கை வைக்கவில்லை என்று சொல்லியிருந்தான்.

நீதிபதி ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"அதிபர் ஐயா, முந்தி இந்தத் தண்ணி எப்பிடி?"

"நல்ல தண்ணி, ஐயா."

"இப்ப?"

மருமகன் சொன்னதற்கு மாறாக நான் எப்படிச் சொல்வது? "இப்பவும் நல்ல தண்ணிதான்" என்றேன்.

அவர் மிச்சத்தையும் குடித்தார். ஒரு சொட்டு விடாமல் முழுவதையும் குடித்துவிட்டு கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருக்கு நாக்கில் சுரணை இல்லை என்று நினைத்தேன். மிச்சம் வைத்திருந்தால் சட்டத்தரணி வாங்கிக் குடித்துப் பார்த்திருப்பார், பொலிஸ்காரரும் குடித்துப் பார்த்திருப்பார், ஊரே கூடி நிற்கையில் என் பொய் அந்த இடத்திலேயே வெளுத்திருக்கும். அதைத் தன் தொண்டைக்குள் அனுப்பி என்னைக் காப்பாற்றினார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

அடுத்து அவர் செய்தது எளிமையான வேலை. அந்தத் தாயைக் கூப்பிட்டு, "அம்மா, வளையங்களுக்குக் கீழை, கிணத்தின்ரை அடியிலை என்ன இருக்குது?" என்று கேட்டார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். அவள் சொன்னதைப் பதிவாளர் எழுதினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. எங்கள் பக்கத்தில் கிணறு கட்டும்போது அடி வளையம் மணலில் புதைந்து சரியாமல் இருக்க, கீழே பனங்குற்றி வைப்பார்கள். யாருடைய கிணறு என்றாலும் அதுதான். "பனங்குற்றி, ஐயா. நாலு" என்றேன்.

மருமகனின் மோட்டாரை வைத்தே கிணற்றை இறைத்தார்கள். ஒரு மணித்தியாலம் எடுத்தது. நீதிபதி பனை நிழலில் ஒரு பலகை வாங்கில் உட்கார்ந்து, பக்கத்தில் அந்தத் தாயையும் இருக்கச் சொல்லி, முகாமில் பள்ளிக்கூடம் எப்படி, மகள் எவ்வளவு படித்தவள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வற்றியது. பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். மூன்று பக்கம் பனங்குற்றி. நாலாவது பக்கம், கறுத்துப்போன நீண்ட கட்டை ஒன்று. அதில் பச்சை பிடித்த செப்பாணிகள். ஒரு பழைய வள்ளத்தின் அடிக்கட்டை.

அவள் சொன்னது அதுதான்: "மூண்டு பனங்குற்றிதான் கிடைச்சது. நாலாவதுக்கு என்ரை மனிசன் தன்ரை தகப்பன்ரை உடைஞ்ச வள்ளத்தின்ரை அடிக்கட்டையை வைச்சவர்."

என் தங்கையின் புருஷன் கடைக்காரர். கடலில் கால் நனைக்காதவர். அவருக்கு வள்ளம் ஏது?

கூலியாட்கள் உள்ளே இறங்கி ஆழமாக்கியபோது மருமகன் மேலே நின்றிருக்கிறான். அடியில் கிடந்ததை அவன் கண்டதேயில்லை. கிணற்றின் விளிம்பில் நின்று அந்தக் கட்டையைப் பார்த்தபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தவணைக்கு என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கூண்டில் கதிரை ஏற்கனவே போட்டிருந்தது. நீதிபதி பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அதிபர் ஐயா, வயது போனால் எல்லாருக்கும் ஞாபகம் பிசகும். எனக்கும் பிசகிறதுதான். உங்கடை சாட்சியத்திலை திருத்த ஏதும் இருந்தால் இப்ப திருத்தலாம். அதாலை உங்களுக்கு ஒரு குறையும் வராது."

கதவை இதைவிட அகலமாக ஒருவர் திறக்க முடியாது. "ஓம், பிசகிப்போச்சு" என்று சொன்னால் போதும். பொய்யன் என்ற பெயரும் வராது. ஆனால் பின்வரிசையில் என் மாணவர்கள் நின்றார்கள். ஞாபகசக்திக்குப் பேர்போன அதிபர் நான். ஒருமுறை வாசித்தால் பாடப்புத்தகத்தின் பக்க எண்ணோடு சொல்வேன் என்று ஊரில் கதை. பொய்யனாக இருப்பதைக்கூட என்னால் தாங்க முடிந்தது, ஏனென்றால் அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். மறதிக்காரக் கிழவனாக அவர்கள் முன்னால் நிற்க முடியவில்லை.

"என்ரை ஞாபகம் நல்லாத்தான் இருக்குது, ஐயா" என்றேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

தீர்ப்பு அந்தத் தாய்க்குச் சாதகமாக வந்தது. வாசித்த நாளில் நான் போகவில்லை. மருமகன் மேன்முறையீடு செய்தான். மதிப்புள்ள ஒரு சாட்சி கடைசிவரை தன் வாக்கில் நின்றார், அதை நீதிபதி புறக்கணித்தது தவறு என்பதுதான் மேன்முறையீட்டின் முக்கிய காரணம். அதாவது, வழக்கு என் சொல்லில் தொங்கிக்கொண்டு நின்றது. முடிவு வரும்வரை காணி கைமாறவில்லை. அடுத்த வருடம் வீட்டுத்திட்டப் பட்டியல் முடிந்தது. தாயும் மகளும் ஒரு உறவுக்காரர் வளவில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். மகளுக்குப் பேசிவந்த ஒரு கலியாணம் காணி இல்லை என்று விட்டுப்போனது. நீதிபதி மாற்றலாகிப் போனார். இப்படி ஐந்து வருடம்.

அந்த ஐந்து வருடமும் ஆவணித் திருநாளுக்கு நான் மடுவுக்குப் போகவில்லை. அதற்கு முன், பிறந்த நாளிலிருந்து யுத்தம் தடுத்த வருடங்கள் தவிர நான் தவறவிட்டதில்லை. முழங்கால் வருத்தம் என்று சொன்னேன். ஒருநாள் பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் அந்தத் தாய் எதிர்ப்பட்டாள்.

"சேர், இந்த வருஷமும் மடுவுக்குப் போகேல்லையாம்?"

"முழங்கால் ஏலாது, பிள்ளை."

"ஓம், ஓம். மாதாவுக்கு முன்னாலை முழந்தாளிலை நிக்கிறது கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறாவது வருடம் நீதிபதி இறந்துபோனார். வேறொரு ஊரில், பதவியில் இருக்கும்போதே, நோய் வருத்தத்தில். மன்னாரில் கடைகள் வெள்ளைக்கொடி கட்டின. நீதிபதி ஒருவருக்கு, அதுவும் மாற்றலாகிப் போனவருக்கு, கடற்காரரும் கூலிக்காரரும் கொடி கட்டியதை நான் அதற்குமுன் கண்டதில்லை. இரங்கல் கூட்டம் ஒன்று ஒழுங்கு செய்தார்கள். படித்தவர், ஊருக்குப் பெரியவர், அவரை நேரில் அறிந்தவர் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்: வெட்கமில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

அவருடைய தமிழைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த என் பழைய மாணவனிடம் அவருடைய தீர்ப்பு ஒன்றின் பிரதி கேட்டேன். அவன், "சேர், உங்கடை வழக்குத் தீர்ப்பே இருக்குது. நல்ல தமிழ்" என்று கொண்டுவந்து தந்தான். அவன் அதை வாசித்திருந்தானா, வேண்டுமென்றே தந்தானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு வாசித்தேன். பத்தொன்பது பக்கம். பதினாறாவது பக்கத்தில் நான் இருந்தேன்.

"இந்தச் சாட்சி நீண்ட காலம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். அவருடைய சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் பொய் சொன்னார் என்று எழுத என் கை வரவில்லை. அவர் ஒருநாள் தாமாகவே இதைத் திருத்துவார் என்று நம்புகிறேன். அதனால் அவர்மீது எந்த நடவடிக்கைக்கும் நான் உத்தரவிடவில்லை. அவர் திருத்த வரும் நாளில், தீர்ப்பின் இந்தப் பந்தியை அவருக்குச் சாதகமாகக் கொள்ளுமாறு எனக்குப் பின் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்."

ஐந்து வருடமாக இது எழுதப்பட்டுக் கோப்பில் கிடந்திருக்கிறது. அவர் காத்திருந்திருக்கிறார். நான் போகவில்லை. அவர் செத்துப்போனார்.

கூட்டத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். அதுவும் பொய்தான். ஆனால் அதுவே கடைசியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை அந்தத் தாயின் சட்டத்தரணியிடம் போய், நடந்ததை நடந்தபடி சொல்லி, சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு உரியதுதான். மருமகன் என் வீட்டு வாசலில் நின்று, "மாமாவுக்கு அறளை பெயர்ந்திட்டுது" என்று றோட்டுக்குக் கேட்கச் சத்தம் போட்டான். அதையே அவனுடைய சட்டத்தரணியும் வாதமாக எடுத்தார்: இவருக்கு வயது போய்விட்டது, ஞாபகம் தவறிவிட்டது, இப்போது சொல்வதை எப்படி நம்புவது? எந்தப் பெயருக்குப் பயந்து அன்று வாயை மூடினேனோ, அந்தப் பெயரை நீதிமன்றத்தில் உரக்க வாசித்தார்கள். நான் கூண்டில் நின்று, என் ஞாபகம் அன்றும் சரி, இன்றும் சரி, அன்று சொன்னது மறதியல்ல, பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. பின்வரிசையில் அன்றும் என் மாணவர்கள் இருந்தார்கள். இம்முறை நான் அவர்களைப் பார்த்தேன்.

பொய்ச்சாட்சிக்கு என்னை மறியலில் அடைத்திருக்கலாம். நான் ஒரு பையில் சாரமும் துவாயும் மருந்தும் வைத்துக்கொண்டுதான் போனேன். விசாரித்தவர்கள் பழைய கோப்பைப் புரட்டி அந்தப் பந்தியை வாசித்தார்கள். எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு கிளாஸ் தண்ணீரால் என்னைக் காப்பாற்றியவர், செத்த பிறகு ஒரு பந்தியால் காப்பாற்றினார். வெளியே வந்து, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

காணி அந்தத் தாயின் கைக்கு வந்தது. வீட்டுத்திட்டம் வரவில்லை, அது முடிந்து வருடங்களாகிவிட்டன. மகளும் தாயும் தாங்களே கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு அறை கட்டினார்கள். மகளுக்குப் பிறகு கலியாணம் நடந்தது, பிந்தித்தான். என் தங்கை என்னோடு கதைப்பதில்லை. அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவளிடம் நான் முதலிலேயே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கிணறு மட்டும் உப்பாகவே கிடந்தது. காணியின் மற்ற மூலையில் ஒரு புதுக்கிணறு நான் தோண்டித் தருகிறேன் என்று கேட்டேன். அவள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மகளிடம் சொல்லியனுப்பினாள். அளவு தெரிந்த ஒரு முதியவரைப் பேசாலையிலிருந்து கூட்டிவந்தேன். பழைய கிணற்றைத் தூர்க்கும்போது அவள் அந்த வள்ளத்தின் அடிக்கட்டையை எடுப்பித்து, புதுக்கிணற்றின் வளையத்துக்குக் கீழே வைப்பித்தாள். மற்ற மூன்று பக்கமும் பனங்குற்றி.

அதிலும் உப்பு. மோட்டாரும் ஆழமும் சேர்ந்து அந்தக் காணியின் அடித்தண்ணீரைக் கெடுத்துவிட்டன. மழை பெய்து பெய்து கழுவ வேண்டும், எத்தனை மாரி என்று சொல்ல ஏலாது என்றார் கிணறு தோண்டிய முதியவர்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. யாரும் பேசி வைத்ததல்ல. ஒவ்வொரு வருடமும் மாரி முடிந்து தை மாதத்தில் நான் அங்கே போவேன். அந்தத் தாய் புதுக்கிணற்றில் ஒரு செம்பு அள்ளித் தருவாள். தந்துவிட்டு, நீதிமன்றத்தில் கேட்பதுபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்:

"எப்பிடி, சேர்?"

"உப்புத்தான், பிள்ளை."

"சரி. வாற வருஷம் பாப்பம்."

இவ்வளவுதான் எங்கள் கதை. மன்னிச்சிட்டன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மூன்றாவது வருடம் தேத்தண்ணி தந்தாள், வேறு வீட்டிலிருந்து எடுத்து வந்த தண்ணீரில். ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கும் இப்போது போகிறேன். முழங்கால் வருத்தம் இப்போது உண்மையாகவே வந்துவிட்டது.

போன தையிலும் போனேன். செம்பை வாங்கிக் குடித்தேன். நாக்கில் ஏதோ வித்தியாசம் இருந்தது.

"கொஞ்சம் குறைஞ்சிருக்குது போலை" என்றேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "சேர், ஆசைக்குச் சொல்லாதேங்கோ. வடிவாக் குடிச்சிட்டுச் சொல்லுங்கோ."

திரும்பக் குடித்தேன். மெதுவாக, வாயில் வைத்திருந்து, முழுச் செம்பையும் குடித்தேன். குறைந்திருக்கிறதா, குறைந்திருக்க வேண்டும் என்று என் நாக்கு விரும்புகிறதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. "தெரியேல்லை, பிள்ளை" என்றேன். அவள் வெறும் செம்பை வாங்கிக்கொண்டு, "ஓம், அது சரியான பதில்" என்று முதல்முறையாகச் சிரித்தாள்.

எத்தனை மாரி இன்னும் எனக்கு இருக்கிறதோ தெரியாது. ஆனால் அந்த நீதிபதி எனக்காகத் திறந்து வைத்துவிட்டுப் போன கதவு, வருடத்தில் ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்வதில்தான் இருக்கிறது என்று நினைத்து, நான் தை மாதத்துக்குக் காத்திருக்கிறேன்.